'கரண்ட்' வைப்பதற்கு முன் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? புற்றுநோய் ஆராய்ச்சிக்கான கதிர்வீச்சு இயந்திரங்களும் மாயாபுரி தந்த பாடமும்

திருத்தணி அருகே உள்ள கே.ஜி.கண்டிகையில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்கே கொண்டு போறது?" என்பதுதான். சென்னை அடையாறா, வேலூர் சி.எம்.சி.யா, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையா, எல்லையைத் தாண்டி திருப்பதியா என்று யோசிப்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் அடுத்த கேள்வி வரும். "கரண்ட் எத்தனை நாள் வைக்கணும்?"

கதிரியக்க சிகிச்சைக்குத் தமிழ்நாட்டு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட்'. 25 நாள், 15 நாள் என்று மருத்துவர் சொல்லும் எண்ணிக்கை அவர் மனம்போன போக்கில் சொல்வது அல்ல. அதற்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வக வேலை இருக்கிறது. தட்டில் வளர்க்கப்பட்ட செல்கள், சுண்டெலிகள், அவற்றின் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சும் தனி இயந்திரங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

அந்த ஆய்வக இயந்திரங்களில் இப்போது உலகம் முழுக்க ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கதிரியக்கப் பொருளை உள்ளே அடைத்து வைத்த பழைய பெட்டிகள் படிப்படியாக விலக, மின்சாரத்தில் இயங்கும் துல்லியமான எக்ஸ்ரே இயந்திரங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. இந்த மாற்றம் ஏன் அவசியம் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உயிர்ப்பலி சாட்சியாக இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

'கரண்ட்' என்பது உண்மையில் என்ன?

புற்றுநோய்க் கட்டியின் மீது அதிக ஆற்றல் கொண்ட கதிர்களைப் பாய்ச்சி, அதன் செல்களில் உள்ள டி.என்.ஏ.வை உடைப்பதுதான் கதிரியக்க சிகிச்சை. டி.என்.ஏ. உடைந்த செல் பெருக முடியாமல் அழிந்துபோகும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கும் அடி விழும். ஆனால், அவற்றுக்குத் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் திறன் பொதுவாக அதிகம். அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இந்த சிகிச்சையின் அடிப்படை.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. நீண்ட காலமாக வழக்கத்தில் இருக்கும் முறை, நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள். மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாளில் 50 கிரே.

இந்தக் கதிர்கள் இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. ஒன்று, கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருள். அது மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் காமா கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, லீனியர் ஆக்சிலரேட்டர், எக்ஸ்ரே குழாய் போன்ற மின் இயந்திரங்கள். இவற்றில் சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும்.

அந்த வகையில் 'கரண்ட்' என்ற பெயர் லீனியர் ஆக்சிலரேட்டருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. கோபால்ட் இயந்திரத்துக்குப் பொருந்தாது. இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சை எடுத்துக்கொண்டவரின் உடலில் கதிர்வீச்சு தங்காது. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம், எல்லோருடனும் சேர்ந்து சாப்பிடலாம். "கிட்டே போகாதே" என்று சொல்வதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

ஆய்வகத்துக்கு எதற்குத் தனி இயந்திரம்?

எத்தனை கிரே கொடுத்தால் எத்தனை செல்கள் சாகும்? ஒரே நாளில் கொடுத்தால் என்ன ஆகும், பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரையும்? இந்தக் கேள்விகளை நேரடியாக நோயாளியிடம் சோதிக்க முடியாது. முதலில் செல், பிறகு விலங்கு, அதன் பிறகே மனிதர். விலங்குச் சோதனைக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும்.

இதற்கு வழிகாட்டியது 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பக், மார்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட 'ஹீலா' செல்களின் மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். எத்தனை செல்கள் தப்பிப் பிழைத்து மறுபடியும் கூட்டமாக வளர்கின்றன என்று எண்ணினார்கள். அளவு கூடக் கூட, பிழைக்கும் செல்களின் எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்பதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். மனித செல்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடைத்தது அப்போதுதான்.

அந்த வளைகோடு நேர்கோடாக இறங்குவதில்லை என்பதுதான் விஷயம். அளவில் சிறிய பிழை வந்தாலும், பிழைக்கும் செல்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியும். 2 கிரே கொடுத்ததாக நினைத்துக்கொண்டு உண்மையில் 2.3 கிரே கொடுத்திருந்தால், "இந்தப் புதிய மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று தவறான முடிவுக்கு வந்துவிடலாம். செல்களைக் கொன்றது மருந்தாக இருக்காது, கூடுதலாகப் போன கதிர்வீச்சாக இருக்கும்.

2011-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த பயிலரங்கு இந்தப் பிரச்சினைக்காகவே கூட்டப்பட்டது. உயிரியல் ஆய்வகங்களில் கதிர்வீச்சு அளவை முறையாக அளந்து, அதை ஆய்வுக் கட்டுரையில் முழுமையாக எழுத வேண்டும் என்பதே அதன் வலியுறுத்தல். மருத்துவமனையில் நோயாளிக்கு முன்பு இயந்திரத்தைச் சரிபார்க்க மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் இருப்பார். பல ஆய்வகங்களில் அப்படி யாரும் இருப்பதில்லை.

பழைய பெட்டி எப்படி வேலை செய்தது?

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் வாங்கியது 'காமா செல்' போன்ற கருவிகளைத்தான். இந்தியாவில் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பிரிட் நிறுவனம் 'காமா சேம்பர்' என்ற பெயரில் இதே வகைக் கருவியைத் தயாரிக்கிறது.

அமைப்பு எளிமையானது. சில டன் எடையுள்ள ஈயப் பெட்டி. நடுவில் கோபால்ட்-60 குச்சிகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அல்லது சீசியம்-137 இருக்கும். மாதிரியை ஒரு சிறிய அறையில் வைத்து, அதை லிஃப்ட் போல உள்ளே இறக்கி, குறிப்பிட்ட நிமிடம் கழித்து மேலே எடுப்பார்கள். நாலு பக்கமும் சமமாகக் கதிர் விழும். பழுது குறைவு. பல வருடம் உழைக்கும்.

குறைகளும் உண்டு.

• குறிபார்க்க முடியாது. உள்ளே வைத்த எலியின் முழு உடம்பிலும் கதிர் விழும். மூளையில் உள்ள கட்டிக்கு மட்டும் கொடுக்க வழியில்லை.

• வேகம் குறைந்துகொண்டே வரும். கோபால்ட்-60-ன் அரை ஆயுள் சுமார் 5.27 ஆண்டு. அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் அதன் வீரியம் குறைகிறது. போன வருடத்து அட்டவணையைப் பார்த்து நிமிடக் கணக்கு போட்டால் அளவு தப்பும்.

• அணைக்க முடியாது. ஆராய்ச்சி முடிந்து, பேராசிரியர் ஓய்வு பெற்று, அறை பூட்டப்பட்ட பிறகும் உள்ளே இருக்கும் பொருள் கதிர்களை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது குறைதான் டெல்லியில் ஓர் உயிரைப் பறித்தது.

மாயாபுரியில் நடந்தது என்ன?

டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கனடாவில் தயாரான 'காமா செல் 220' கருவி ஒன்று இருந்தது. 1968-ல் வாங்கப்பட்டது. 1985-க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 25 ஆண்டுகள் ஒரு மூலையில் கிடந்தது.

2010 பிப்ரவரியில் பழைய பொருட்களோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் மேற்கு டெல்லியில் உள்ள மாயாபுரியைச் சேர்ந்த பழைய இரும்பு வியாபாரிகள். நம் ஊர் பாஷையில் காயலான் கடை. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே நிறைய ஈயம் இருக்கிறது, நல்ல விலை போகும்.

பெட்டியைப் பிரித்தார்கள். ஈயத்தைத் தனியாக எடுத்தார்கள். உள்ளே இருந்த பளபளப்பான குச்சிகள் என்னவென்று தெரியாமல் கையில் எடுத்தார்கள், வெட்டினார்கள். ஒரு துண்டு இன்னொருவர் கைக்குப் போக, அவர் அதைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

சில நாட்களில் தோல் கறுத்தது, முடி கொட்டியது, வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் வாரத்தில் மருத்துவமனை ஒன்றிலிருந்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அணுசக்தித் துறையின் நிபுணர்கள் மாயாபுரியில் கடை கடையாகத் தேடி, சிதறிக் கிடந்த கோபால்ட் துண்டுகளை மீட்டார்கள். ஏழு பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். ஏப்ரல் 26-ஆம் தேதி அவர்களில் ஒரு தொழிலாளி இறந்தார். சர்வதேச அணுசக்தி நிகழ்வு அளவுகோலில் இது 4-ஆம் நிலை விபத்தாக வகைப்படுத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கருவி வாங்கி 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது கோபால்ட்-60-க்கு ஏறக்குறைய எட்டு அரை ஆயுள். முதலில் இருந்த வீரியத்தில் நூறில் ஒரு பங்குகூட மிச்சம் இல்லை. அந்த மிச்சமே ஒருவரைக் கொன்றது.

"ரொம்பப் பழைய மிஷின், இனிமே அதுல என்ன இருக்கப் போகுது?" என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

யார் தவறு?

சட்டப்படி பார்த்தால் பதில் தெளிவு. கதிரியக்கப் பொருளை வைத்திருக்கும் நிறுவனம்தான் அதற்குப் பொறுப்பு. அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் 2004-ன்படி, அனுமதி இல்லாமல் அதை விற்கவோ, கைமாற்றவோ, அப்புறப்படுத்தவோ கூடாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். பயன்பாடு முடிந்த பொருளைத் தயாரித்தவரிடமோ, அங்கீகரிக்கப்பட்ட கழிவு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு ஒழுங்குமுறை வாரியம் டெல்லி பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தார்மிகப் பொறுப்பு ஏற்பதாக அப்போதைய துணைவேந்தர் அறிவித்தார்.

ஆனால், விதி இருந்தும் ஏன் நடந்தது? கருவி வாங்கிய காலத்தில் 2004 விதிகளும் இல்லை, ஒழுங்குமுறை வாரியமும் இல்லை. வாரியம் அமைக்கப்பட்டதே 1983 நவம்பரில்தான். கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அடுத்து வந்தவர்களின் பார்வையில் அது இடத்தை அடைக்கும் இரும்புப் பெட்டி. ஏலம் விட்ட குழுவுக்கும் அப்படித்தான். ஒரு நிறுவனத்தின் ஞாபகம், கோபால்ட்டின் ஆயுளைவிடக் குறைவாக இருந்ததுதான் உண்மையான பிரச்சினை.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதும் அல்ல. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சை மையத்திலிருந்து சீசியம்-137 கருவியை இருவர் பெயர்த்து எடுத்துப் போய் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே இருந்த பொடி இருட்டில் நீல நிறத்தில் ஒளிர்ந்ததால் அதிசயப் பொருளாக நினைத்து உறவினர்களுக்கு எல்லாம் கொடுத்தார்கள். 4 பேர் இறந்தனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

புதிய இயந்திரம் என்ன செய்கிறது?

மருத்துவமனையில் மனிதர்களுக்கான சிகிச்சை இயந்திரங்கள் 1990-களுக்குப் பிறகு வேகமாக மாறின. ஸ்கேன் எடுத்து, கட்டி இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சும் முறை வந்தது. ஆய்வகத்திலோ, எலியை அதே பழைய பெட்டிக்குள்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு ஒரு மாதிரி சிகிச்சை, எலிக்கு வேறு மாதிரி சோதனை என்றால், எலியிடம் கிடைத்த முடிவு மனிதருக்கு எப்படிப் பொருந்தும்?

இந்த இடைவெளியை அடைக்க 2000-களில் இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. ஒன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில். இன்னொன்று கனடாவின் டொரன்டோவில் உள்ள பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தில். இரண்டு இடங்களிலும் உருவானது, சிறு விலங்குகளுக்கான துல்லியக் கதிர்வீச்சு இயந்திரம். இன்று அந்த வடிவமைப்புகள் வணிக ரீதியாகக் கிடைக்கின்றன.

வேலை செய்யும் முறை இதுதான்:

• எலிக்கு மயக்க மருந்து கொடுத்து மேடையில் படுக்க வைப்பார்கள்.

• அதே இயந்திரமே எலியைச் சுற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கும்.

• கட்டி எங்கே இருக்கிறது என்று கணினியில் குறித்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று திட்டமிடுவார்கள்.

• பிறகு சுமார் 225 கிலோவோல்ட் எக்ஸ்ரே குழாயிலிருந்து மெல்லிய கற்றை கட்டியின் மீது மட்டும் பாயும். கற்றையின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவாகக்கூடச் சுருக்கலாம்.

ஏன் இவ்வளவு துல்லியம்? ஒரு சுண்டெலியின் மூளை அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். நம் சுண்டுவிரல் நுனி அளவு. மனிதரின் தலையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எலியின் தலையில் அதே ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் மூளையின் வேறு பகுதிக்கே கதிர் போய்விடும். சோதனை வீணாகும், அந்த எலியின் உயிரும் வீணாகும்.

அனைத்தையும்விட முக்கியமானது, வேலை முடிந்து சுவிட்சை அணைத்தால் இந்த இயந்திரம் வெறும் இரும்பு. 40 ஆண்டு கழித்துக் காயலான் கடைக்குப் போனாலும், அதிலிருந்து கதிர் வராது. மாயாபுரி மாதிரி ஒன்று இதனால் நடக்க வாய்ப்பே இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே?

சொல்வது சுலபம். நடைமுறையில் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது, அறிவியல். கோபால்ட், சீசியம் வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல் அதிகம். 225 கிலோவோல்ட் எக்ஸ்ரேயின் ஆற்றல் அதைவிடக் குறைவு. குறைந்த ஆற்றல் கதிரை எலும்பு கூடுதலாக உறிஞ்சும். எனவே, எலும்பு மஜ்ஜை தொடர்பான சோதனைகளில் பழைய அளவை அப்படியே புதிய இயந்திரத்தில் போட முடியாது. 20 வருடமாகச் சேர்த்த தரவுகளோடு ஒப்பிட, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு. காமா பெட்டிக்கு மின்வெட்டு ஒரு பொருட்டே இல்லை. எக்ஸ்ரே இயந்திரத்துக்குச் சீரான மின்சாரம் வேண்டும், குளிர்விக்கும் வசதி வேண்டும். குழாய் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதற்கான ஆண்டு ஒப்பந்தச் செலவைப் பல அரசுக் கல்லூரிகள் ஏற்க முடியாது. ஆராய்ச்சி நிதியில் கருவி வாங்கப் பணம் கிடைக்கும். ஐந்து வருடம் கழித்துப் பழுது பார்க்கப் பணம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, பழையதை வெளியே எடுப்பதே ஆபத்தான வேலை. 2019 மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இது நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டடத்திலிருந்து சீசியம் கருவியை முறைப்படி அகற்றும் பணியின்போது, சீசியம் அடைக்கப்பட்டிருந்த குப்பி தவறுதலாக வெட்டுப்பட்டது. 13 பேர் மீது கதிரியக்க மாசு படிந்தது. ஏழு மாடிக் கட்டடம் நீண்ட காலம் மூடிக் கிடந்தது. அனுமதி, நிபுணர்கள், உபகரணங்கள் எல்லாம் இருந்தும் இப்படி நடந்தது.

இத்தனை தடைகள் இருந்தும் மாற்றம் நடக்கிறது. பிரான்ஸ், நார்வே நாடுகள் ரத்தப் பைகளுக்குக் கதிரூட்டப் பயன்பட்ட சீசியம் கருவிகளை எக்ஸ்ரே கருவிகளாக மாற்றிவிட்டன. ரத்த வங்கிகளில் உள்ள சீசியம் குளோரைடு கருவிகளை 2027 இறுதிக்குள் விலக்கும் இலக்கோடு அமெரிக்காவில் தன்னார்வத் திட்டம் ஒன்று நடக்கிறது. பழையதை அகற்றும் பணியையும், புதிய கருவியின் விலையில் ஒரு பகுதியையும் அந்நாட்டு அரசு ஏற்கிறது. ஆராய்ச்சிக் கூடங்களும் அதில் சேரலாம்.

இதில் நமக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. "பழையதைத் தூக்கிப் போடு" என்று ஒரு கல்லூரிக்கு உத்தரவு போட்டால் மட்டும் போதாது. தூக்கிப் போடும் செலவை யார் தருவது என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத இடத்தில்தான் கருவி மூலையில் கிடக்கும், ஞாபகம் அழியும், ஏலம் நடக்கும்.

கே.ஜி.கண்டிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று நன்மை, இன்னொன்று எச்சரிக்கை.

நன்மையை முதலில் பார்ப்போம். திருத்தணியிலிருந்து சென்னை 80 கிலோமீட்டருக்கு மேல். 25 நாள் கரண்ட் என்றால், தினமும் போய் வருபவர் மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து வாரம் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். இருவரின் கூலியும் போகும். பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவதற்கு நோயைவிட இந்தச் செலவே பல குடும்பங்களில் காரணமாகிறது.

செல்களும் எலிகளும் தந்த கணக்கிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒவ்வொரு திசுவும், ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைக் கூட்டினால், வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுகிறது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒரு நாள் அளவைக் கொஞ்சம் கூட்டி, நாட்களைக் குறைக்கலாம் என்று ஊகித்தார்கள். பிரிட்டனில் அதை ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்தார்கள். 25 நாளில் 50 கிரே என்பது, 15 நாளில் 40 கிரே ஆனது.

அடுத்த சோதனை 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு'. 4,096 பேர் பங்கேற்ற இதன் ஐந்தாண்டு முடிவுகள் 2020-ல் வெளியாகின. ஒரே வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 26 கிரே கொடுத்தால், மார்பகத்தில் மீண்டும் கட்டி வராமல் தடுப்பதில் அது 15 நாள் சிகிச்சைக்குக் குறைந்தது அல்ல என்று தெரியவந்தது. அதாவது 25 பயணம் ஐந்தாகக் குறையலாம். 4,000 கிலோமீட்டர், 800 ஆகலாம்.

இது எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. நோயின் நிலை, செய்த அறுவை சிகிச்சை, கதிர் பாய்ச்ச வேண்டிய இடம், மருத்துவமனையில் உள்ள இயந்திரம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால், "நாள் குறைவா வைக்கிற முறை எங்களுக்குப் பொருந்துமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது, எச்சரிக்கை. கே.ஜி.கண்டிகை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் அங்கே இயங்குகின்றன. ஊர் ஊராகக் காயலான் கடைகளில் சேரும் இரும்பு இப்படிப்பட்ட உலைகளுக்குத்தான் போகிறது. கதிரியக்கப் பொருள் ஒன்று தெரியாமல் உலைக்குள் விழுந்துவிட்டால், அதில் வார்க்கப்படும் மொத்த இரும்பும் கெட்டுவிடும். 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உலோகம் இந்தியாவிலிருந்து போனது. எங்கோ ஒரு கருவி, எங்கோ ஒரு உலை, கடைசியில் வேறொரு நாட்டில் ஒரு தொழிலாளியின் விரல் நுனி.

பழைய இரும்பு எடுப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

• மஞ்சள் பின்னணியில் மூன்று விசிறி இறக்கை போன்ற சின்னம் கதிர்வீச்சைக் குறிக்கும். 2007-ல் அறிமுகமான இன்னொரு சின்னமும் உண்டு. சிவப்பு முக்கோணத்துக்குள் மண்டையோடும், ஓடும் மனிதனும் இருக்கும். இரண்டில் எது இருந்தாலும் பொருளைத் தொடக் கூடாது, பிரிக்கக் கூடாது.

• அளவுக்கு மீறி எடையுள்ள சிறிய பெட்டி, தடித்த ஈயச் சுவர், மருத்துவமனை அல்லது கல்லூரி ஆய்வகத்திலிருந்து வந்த பொருள் என்றால் சந்தேகப்பட வேண்டும். துருப்பிடித்த பெட்டியில் சின்னம் அழிந்திருக்கலாம்.

• பளபளப்பான சிறு உலோகக் குச்சியையோ, ஒளிரும் பொடியையோ கையில் எடுக்கக் கூடாது. சட்டைப் பையிலோ வீட்டிலோ வைக்கவே கூடாது.

• விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, 112-க்கு அழைக்க வேண்டும். தூரம் கூடக் கூடப் பாதிப்பு வேகமாகக் குறையும்.

அடுத்து என்ன?

ஆய்வகங்களில் இப்போது அதிகம் பேசப்படுவது 'ஃபிளாஷ்' முறை. நிமிடக் கணக்கில் கொடுக்கும் கதிர்வீச்சை, கண் இமைக்கும் நேரத்துக்குள் கொடுத்து முடிப்பது. 2014-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த சோதனையில், கட்டி வழக்கம்போலக் கட்டுப்பட்டது, நுரையீரலுக்கு ஏற்படும் பாதிப்பு மட்டும் குறைந்தது. 2018-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் முதல் மனிதருக்கு இந்த முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது.

அதற்காக நாளைக்கே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பூனைகளிடம் ஒரே தவணையில் பெரிய அளவு கொடுத்துச் செய்த சோதனை, தாடை எலும்பு பாதிக்கப்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. இந்த மாதிரி பின்விளைவுகள் மனிதருக்கு வரும் முன்பே தெரியவருவது ஆய்வகத்தால்தான். அங்கே இருக்கும் இயந்திரம் சரியான அளவைக் காட்டினால்தான், மருத்துவமனையில் சொல்லும் நாள் கணக்கும் சரியாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிது அல்ல. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் சிகிச்சையைக் கொண்டுவந்தது. 2019-ல் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் புரோட்டான் சிகிச்சை வந்தது. சிகிச்சை இயந்திரங்களுக்குத் திறப்பு விழா நடக்கிறது, செய்தி வருகிறது. ஆய்வக இயந்திரங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வாங்கும்போதும் தெரிவதில்லை, வெளியே போகும்போதும் தெரிவதில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பித்து வைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. 2010 பிப்ரவரியில், ஏலத்துக்கு முன்பு அந்தப் பட்டியலை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால், மாயாபுரித் தொழிலாளி அன்று வழக்கம்போல வேலை முடித்து வீடு திரும்பியிருப்பார்.